மாமாவோட ஜூலியும் என் 8 மாச பையனும்

வணக்கம் மேடம்,

பேரு ஊரு எதுவும் போட வேண்டாம், திருச்சி பக்கம்னு மட்டும் வச்சுக்கோங்க. எனக்கு 27 வயசு, தலைப்பிரசவம், பையனுக்கு இப்ப 8 மாசம். அஞ்சு மாசம் வரைக்கும் அம்மா வீட்ல இருந்துட்டு அப்புறம் நல்ல நாள் பாத்து இங்க வந்தேன். வீட்ல நான், என் வீட்டுக்காரர், மாமனார், அப்புறம் ஜூலி. ஜூலி நாட்டு நாய், ஆறு வயசு ஆகுது.

எனக்கு நாய்னா வெறுப்பு கெடையாது மேடம், அத மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இந்த பேச்ச யார்கிட்ட எடுத்தாலும் "உனக்கு நாய் புடிக்காது, அதான்"னு ஒரே வரில முடிச்சுடறாங்க. கல்யாணம் ஆகி வந்த புதுசுல இந்த வீட்ல எங்கிட்ட மொதல்ல ஒட்டிக்கிட்டதே ஜூலிதான். எங்க அத்தை அத மழை நாள்ல சாக்கடை ஓரத்துல இருந்து முந்தானைல சுத்தி எடுத்துட்டு வந்து சங்குல பால் ஊத்தி காப்பாத்தினாங்களாம். எனக்கு கல்யாணம் ஆகி ஆறே மாசத்துல அத்தை ஹார்ட் அட்டாக்ல போய்ட்டாங்க. அதுக்கப்புறம் மாமாவுக்கு எல்லாமே ஜூலிதான். ரிட்டையர் ஆனவரு, ரொம்ப பேச மாட்டாரு, ஆனா சாயந்திரம் திண்ணைல உக்காந்து ஜூலிகிட்ட மட்டும் பேசிட்டே இருப்பாரு, இன்னைக்கு என்ன குழம்பு, கரண்ட் பில் எவ்ளோ வந்துச்சு, எல்லாம் அதுகிட்டதான். அத்தைகிட்ட பேசுற மாதிரியே இருக்கும், கேக்குறப்ப எனக்கே கண்ணு கலங்கிடும்.

பிரச்சனை பையன் தவழ ஆரம்பிச்சதுல இருந்துதான் வந்துச்சு. மாமா காலைல டீ குடிக்கிறப்ப பிஸ்கட்ட பாதி தான் கடிச்சுட்டு மீதிய ஜூலிக்கு குடுப்பாரு, அது கைய நக்கும், அதே கையோட வந்து "என் ராசா எந்திரிச்சுட்டானா"ன்னு பையன தூக்கி கன்னத்த கிள்ளுவாரு. தோள்ல ஒரு துண்டு கெடக்கும் மேடம், ஜூலி தண்ணி குடிச்சுட்டு வந்தா அந்த துண்டால அதோட வாய தொடைப்பாரு, கொஞ்ச நேரம் கழிச்சு பையனுக்கு பல்லு வர்றதால ஜொள்ளு வழியுதுல்ல, அதையும் அதே துண்டால தொடச்சு விடுவாரு. நான் பக்கத்துல நின்னு பாத்துட்டே இருப்பேன், வாய்ல வார்த்தை வராது. கேழ்வரகு கூழ் ஊட்டி முடிச்சதும் பையன் வாய சுத்தி ஒட்டியிருக்கறத ஜூலி வந்து நக்கிட்டு போகும், மாமாவும் என் வீட்டுக்காரரும் சிரிச்சுட்டே போன்ல வீடியோ எடுப்பாங்க. நான் முகம் சுளிச்சா "பைரவர் வாகனம்மா, ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்வாரு மாமா. அவர எதிர்த்து நான் என்ன சொல்ல முடியும், என்ன ஒரு நாள் கூட கடிஞ்சு பேசாத மனுஷன்.

போன வாரம் நடந்ததுதான் என்ன எழுத வச்சது. ஜூலி சோறு சாப்ட்டுட்டு இருந்துச்சு, பையன் சரசரன்னு தவழ்ந்து போய் தட்டுல கைய வச்சுட்டான், ஒரு பிடி சோத்த அள்ளி வாய்க்கு கொண்டு போறான். ஜூலி அப்படியே அசையாம நின்னுச்சு, அப்புறம் உர்ர்ருனு ஒரு சத்தம். கடிக்கல. நான் பாய்ஞ்சு தூக்கிட்டேன். மாமா செருப்ப எடுத்து ஜூலிய அடிச்சுட்டாரு, அவர் அத அடிச்சு நான் பாத்ததே இல்ல, அடிச்சுட்டு அவரே ராத்திரி சாப்பிடல.

அன்னைலேர்ந்து வீட்ல ஆளுக்கு ஒண்ணு பேசறாங்க. எங்கம்மா போன்ல "மொதல்ல அந்த நாய அனுப்பு, இல்லன்னா நீ கெளம்பி வா"ங்கறாங்க. நாத்தனார் வீட்டுக்காரர் "சாக்குல போட்டு பைபாஸ்ல விட்டுடலாம், நான் பாத்துக்கறேன்"ங்கறார். நாத்தனார் என்கிட்ட முகம் குடுத்தே பேசல, எங்கம்மா வளத்த நாய இவ வந்து தொரத்த பாக்குறான்னு பக்கத்து வீட்ல சொல்லியிருக்காங்க. என் வீட்டுக்காரர்கிட்ட "நீங்க மாமாகிட்ட பேசுங்க"ன்னா "அப்பாவே அம்மா போனதுல இருந்து ஒடைஞ்சு போயிருக்காரு, அவர்கிட்ட போய் எப்படிடி கைய கழுவிட்டு வாங்கன்னு சொல்றது, நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ங்கறார்.

இதுல என் நெலமை இன்னொண்ணு மேடம். தரைய ஒரு நாளைக்கு எத்தன தடவ பினாயில் ஊத்தி தொடைக்கறேன்னு எனக்கே தெரியல. கை கழுவி கழுவி விரல் இடுக்கு எல்லாம் வெடிச்சுடுச்சு. ராத்திரி பையன் நல்லா தூங்குறான், எனக்கு தூக்கம் இல்ல, கதவு தாழ்ப்பாள் போட்ருக்கா ஜூலி வெளில இருக்கான்னு எந்திரிச்சு எந்திரிச்சு பாக்கறேன். கண்ண மூடினா அந்த உர்ர்ரு சத்தமும், அது கடிச்சுட்ட மாதிரி ஒரு படமும் வருது. நாய் முடி வயித்துக்குள்ள போனா இளைப்பு வரும்னு வேற சொல்றாங்க. ஜூலிக்கு ஊசி போட்ருக்கான்னு கேட்டா "அத்தை இருந்தப்ப எல்லாம் போட்டா"ன்னு மட்டும் மாமா சொல்றாரு.

ஜூலிய அனுப்ப சொல்லி நான் கேக்கறது தப்பா மேடம்? அனுப்பினா மாமா என்ன ஆவாருன்னு நெனைச்சா பயமா இருக்கு, வச்சிருந்தா பையனுக்கு என்ன ஆகும்னு பயமா இருக்கு.

பெயர் வேண்டாம், திருச்சி

பதில்:

அன்பு தங்கைக்கு,

கேக்கறது தப்பே இல்ல. 8 மாச குழந்தையோட அம்மா, குழந்தைக்கு எது ஆபத்துன்னு கேக்கலன்னாதான் யோசிக்கணும். ஆனா உங்க கடிதத்த படிச்சப்ப எனக்கு தோணினது, உங்க வீட்ல பிரச்சனை ஜூலி இருக்கறது இல்ல, ஜூலிக்கும் பையனுக்கும் நடுவுல ஒரு கோடு போட வேண்டிய வேலைய யாரும் எடுத்துக்காம மொத்தமா உங்க தலைல விட்டுட்டாங்க. அந்த கோட்ட போடற உரிமைய மட்டும் குடுக்கல. அதனாலதான் நீங்க பினாயில் டப்பாவ எடுத்துட்டீங்க, உங்க கைல இருந்தது அது ஒண்ணுதான். அனுப்பறதா வச்சுக்கறதான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி நடுவுல செய்ய வேண்டியது நெறைய இருக்கு, அத இந்த வீட்ல இன்னும் யாருமே ஆரம்பிக்கல.

மொதல்ல அந்த உர்ர்ரு. உங்களுக்கு அது தூக்கத்த கெடுக்குதுன்னு புரியுது, ஆனா ஜூலி அன்னைக்கு பண்ணினது ஒரு நாய் பண்ணக்கூடிய நல்ல காரியம்னு நான் சொன்னா கோச்சுக்காதீங்க. சாப்பாட்டு தட்டுல கை வந்தப்ப மொதல்ல அசையாம நின்னுச்சு, நீங்களே கவனிச்சு எழுதியிருக்கீங்க, பாதி பேரு இத கவனிக்கவே மாட்டாங்க. அப்படி உறைஞ்சு நிக்கறது "எனக்கு இது புடிக்கல"ங்கறதுக்கான பேச்சு. அது யாருக்கும் கேக்கலன்னா அடுத்தது உறுமல். அதுவும் எடுபடலன்னாதான் பல்லு. ஜூலி படிப்படியா சொல்லிச்சு, பல்லு வரைக்கும் போகல. அதுக்கு செருப்படி விழுந்தா நாய் என்ன கத்துக்கும்னா, உறுமினா அடி விழும், இனிமே உறுமக்கூடாது. தட்டுக்கிட்ட குழந்தை வர்றதுல இருக்க பயம் மட்டும் அப்படியேதான் இருக்கும், இன்னும் சொல்லப்போனா அடி வாங்கினதால கூடும். அடுத்த தடவ சத்தமே இல்லாம கடிக்கற நாய் அப்படித்தான் உருவாகுது. அதனால உறுமினதுக்கு அடிக்கறது இன்னையோட நிக்கணும், இத மாமாகிட்ட கட்டாயம் சொல்லணும். அவர் குழந்தைக்கு பயந்துதான் அடிச்சாரு, அடிச்சுட்டு பட்டினி கெடந்தாரு, அதுலயே தெரியுது, இத சொன்னா அவரு கேப்பாரு.

உறுமலுக்கு முன்னாடி வேற சின்ன சின்ன அடையாளமும் இருக்கு. சும்மா இருக்கப்ப உதட்ட நக்கிக்கறது, தூக்கம் இல்லாமயே கொட்டாவி விடறது, மூஞ்ச வேற பக்கம் திருப்பிக்கறது, காத பின்னால ஒட்ட வச்சுக்கறது, கண்ணுல வெள்ளை ஒரு பிறை மாதிரி ஓரமா தெரியறது, வால காலுக்கு நடுவுல சொருகிக்கறது. வால் ஆடுதே, சந்தோஷமா இருக்குன்னு நெனைக்கறதும் எப்பவும் சரியில்ல, உடம்பு வெறைச்சு வாலு மட்டும் ஆடினா அது வேற. உங்க வீட்டுக்காரரும் மாமாவும் எடுத்த வீடியோ போன்ல இருக்கும்ல, கூழ் நக்குற வீடியோ, அத சத்தத்த நிறுத்திட்டு உங்க வீட்டுக்காரர பக்கத்துல உக்கார வச்சு ஜூலியோட கண்ணையும் காதையும் மட்டும் பாருங்க. பல வீட்ல "ரெண்டும் என்ன அழகா வெளையாடுது"ன்னு எடுத்த வீடியோல அந்த நாய் எந்திரிச்சு போக வழி தேடிட்டு இருக்கும். தவழ்ற குழந்தை நாய்க்கு புது ஜந்து. படுத்திருந்த வரைக்கும் தொந்தரவு இல்ல, இப்ப திடீர்னு தரைல ஊர்ந்து வந்து காத புடிச்சு இழுக்குது, கண்ணுல விரல விடுது. ஆறு வருஷமா யாரும் அது கிட்ட அப்படி பண்ணல.

அதனால ஒரே ஒரு விதி, இதுல மட்டும் தளர்வு வேண்டாம்: பையனும் ஜூலியும் பெரியவங்க இல்லாம ஒரே எடத்துல இருக்கவே கூடாது, அடுப்புல பால் பொங்குதுன்னு ஓடுற அந்த அரை நிமிஷம் கூட. பெரியவங்கன்னா போன பாத்துட்டு பக்கத்துல உக்காந்திருக்கறவங்க இல்ல, கை எட்டுற தூரத்துல கண்ண அங்க வச்சிருக்கறவங்க. எவ்ளோ சாது நாயா இருந்தாலும் இதேதான்.

இது நடைமுறைல எப்படி முடியும்னா, வீட்ட கொஞ்சம் பிரிச்சுக்கணும். கதவு நெலைல பையன் ஏற முடியாத, ஜூலி தாண்ட முடியாத ஒசரத்துக்கு ஒரு தடுப்பு, கடைல விக்கற பேபி கேட்டே வேணும்னு இல்ல, தச்சர்கிட்ட சொன்னா கீல் வச்சு அடிச்சு குடுப்பாரு. ரூமுக்குள்ள பையன், திண்ணைலயும் வராண்டாவுலயும் ஜூலி. அதே மாதிரி ஜூலிக்குன்னு ஒரு எடம், படிக்கட்டுக்கு அடியிலயோ திண்ணை மூலைலயோ ஒரு சாக்கு விரிச்சு, அங்க பையன் போகவே கூடாது. அது தூங்குறப்ப யாரும் போய் தொந்தரவு பண்ணக்கூடாது. சாப்பாடு நேரம் வச்சு, தடுப்புக்கு அந்த பக்கம், தின்னு முடிச்சதும் தட்ட எடுத்துடணும். தட்டு தரைல கெடக்கறதே வேண்டாம், பாதி வம்பு அதோட போயிடும். பையனுக்கு ஊட்டறப்ப ஜூலி உள்ள வரவே வேண்டாம், ஊட்டி முடிச்சு வாய் கைய தண்ணி தொட்டு தொடச்சதுக்கு அப்புறம் தொறந்து விடுங்க. கூழ் வாசனை இல்லன்னா அதுக்கு பையன் மூஞ்சில வேலையே இல்ல.

இப்ப சுத்தம். நான் மனசு பாக்கறவ, ஆனா இந்த விஷயத்துல எது நிஜமான ஆபத்து எது வீண் பயம்னு பிரிச்சு சொல்லலன்னா உங்க மனசு ஆறாது.

முடி விஷயம் வீண் பயம். ஒரு முடி வயித்துக்குள்ள போனா மலத்தோட வெளில போயிடும், அதனால இளைப்பு வராது. அலர்ஜி இருக்க குழந்தைகளுக்கு நாயோட செத்த தோல் துகளும் எச்சிலும் ஒத்துக்காம போகலாம், உங்க பையனுக்கு விடாம தும்மலோ வீசிங்கோ இருந்தா குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க, இல்லன்னா விட்டுடுங்க. 2012ல பின்லாந்துல 397 குழந்தைகள பொறந்ததுல இருந்து முதல் வருஷம் முழுக்க கவனிச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, நாய் இருக்க வீட்டு குழந்தைகளுக்கு சளி தொந்தரவும் காது சீழும் கம்மியா வந்துச்சு, ஆன்டிபயாடிக்கும் கம்மியா தேவைப்பட்டுச்சு. இத நான் சொல்றது நாய் நல்லதுன்னு உங்கள சமாதானப்படுத்த இல்ல, அந்த ஊரு வேற நம்ம ஊரு வேற, அங்க ரேபிஸ் பயம் கெடையாது, நம்ம தெருவுல இருக்கற மாதிரி உண்ணியும் கெடையாது. நாய் ஒரே வீட்ல மூச்சு விடறதாலயே குழந்தை நோயாளி ஆயிடாதுன்னு உங்களுக்கு தெரியணும், அவ்ளோதான்.

நெஜமா பயப்பட வேண்டியதுல மொதல் எடம் ரேபிஸ். அறிகுறி வந்துட்டா காப்பாத்த வழியே இல்லாத வியாதி, ஆனா முழுசா தடுக்க முடிஞ்ச வியாதியும் அதுதான். "அத்தை இருந்தப்ப போட்டா"ங்கறது பத்தாது, வருஷா வருஷம் போடணும். ஊசி போட்ட அட்டை கெடைக்கலன்னா போடவே இல்லன்னு வச்சுகிட்டு இந்த வாரமே அரசு கால்நடை மருத்துவமனைக்கு கூட்டிட்டு போங்க. ஜூலி திண்ணைல இருக்க நாய், தெரு நாயோட சண்டை போடவும் வாய்ப்பு இருக்கு, அதனால தள்ளிப் போட வேண்டாம். பையன் மேல கீறலோ கடியோ பட்டா, நம்ம வீட்டு நாய்தானேன்னு நெனைக்காம, சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவணும், சுண்ணாம்பு மஞ்சள் காபித்தூள் எதுவும் வைக்காம நேரா ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரில ரேபிஸ் ஊசி இலவசமாவே போடறாங்க, அன்னைக்கு ஒண்ணு, அப்புறம் 3ம் நாள், 7ம் நாள், 28ம் நாள். ரத்தம் வந்த காயம்னா அதோட காயத்த சுத்தி போடற இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேணுமான்னு டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க. எச்சில் நல்ல தோல் மேல பட்டா கழுவினா போதும். கண்ணு, மூக்கு, வாய்க்குள்ள, சொறிஞ்சு புண்ணான எடம், டயபர் போட்டு செவந்த எடம், இங்க நக்க விடவே கூடாது. தடுப்பூசி போட்ட நாயோட வாயிலயும் வேற கிருமிங்க இருக்கு, பெரியவங்க உடம்பு தாங்கற அளவு குழந்தை உடம்பு தாங்காது. அதனால வாய நக்குற வீடியோ இனி வேண்டாம். நீங்க முகம் சுளிச்சது சரிதான்.

ரெண்டாவது புழு, இதுலதான் எல்லாரும் தப்பான எடத்துல பயப்படறாங்க. நாயோட உருண்டைப்புழு முட்டை அதோட கழிவுல வெளில வருது, ஆனா வந்த உடனே அது தொத்தாது, மண்ணுல ரெண்டு வாரமாவது கெடந்து முதிர்ந்தாதான் தொத்தும், அப்புறம் அந்த மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும். ஆக நீங்க வீட்டுக்குள்ள தரைய தேய்ச்சு தேய்ச்சு கை வெடிச்சதுல பெருசா ஒண்ணும் தடுக்கல, வாசல்லயும் கொல்லைலயும் ஜூலி போன கழிவ அன்னன்னைக்கே அள்ளி பொதைச்சா அதவிட பத்து மடங்கு பாதுகாப்பு. பையன வெறும் மண்ணுல உக்கார வைக்காதீங்க, பாய் விரிச்சு வைங்க, கொக்கிப்புழு தோல் வழியாவே போகும். மண்ணுல வெளையாடினா உள்ள வந்ததும் கை கழுவி விடுங்க. ஜூலிக்கு 3 மாசத்துக்கு ஒரு தடவ பூச்சி மருந்து, எடைய பாத்து டாக்டர் அளவு சொல்வாரு. பச்சை கறி, கசாப்பு கடை கழிவு எல்லாம் அதுக்கு போடக்கூடாது, வேக வச்சுதான் குடுக்கணும்.

மூணாவது உண்ணி. காதுக்குள்ள, விரல் இடுக்குல, கழுத்து பட்டைக்கு அடியில தெனமும் ஒரு பார்வை பாக்கணும். கையால நசுக்கக்கூடாது, ட்வீசர்ல தோல ஒட்டி புடிச்சு நேரா இழுத்து சோப்பு தண்ணில போட்டுடணும். நாய் உண்ணி செவுரு வெடிப்புலயும் முட்டை போடும், அதனால நாய்க்கு மட்டும் மருந்து போட்டா திரும்பி வந்துட்டே இருக்கும். மாட்டுக்கு, வயலுக்கு அடிக்கற மருந்த வாங்கி ஜூலி மேல ஊத்தற வேலை வேண்டவே வேண்டாம், பையன் அந்த முடிய தொட்டு கைய வாய்ல வைப்பான். டாக்டர் குடுக்கற மருந்த போட்டா கூட காயற வரைக்கும் குழந்தைய கிட்ட விடாதீங்க. பையனுக்கு காய்ச்சலோட உடம்புல செவப்பா புள்ளி வந்தா, வீட்ல நாய் இருக்கு உண்ணி இருந்துச்சுன்னு டாக்டர்கிட்ட வாய் தொறந்து சொல்லுங்க, அவரா கேக்க மாட்டாரு.

பினாயில இன்னையோட தவழ்ற தரைல நிறுத்துங்க. அந்த தரைல கைய ஊணி பையன் அந்த கைய சப்புறான், ஜூலி அதுல நடந்து காலை நக்குது, ரெண்டு பேருக்கும் அது விஷம்தான். சாதாரண சோப்பு தண்ணி, அப்புறம் நல்ல தண்ணி, ஒரு நாளைக்கு ஒரு தடவ, போதும். டப்பாவ மேல வைங்க.

இனி மாமா. உங்க கடிதத்துல எனக்கு மனசு கனத்தது அந்த திண்ணைதான். மனைவி போனதுக்கு அப்புறம் நம்ம ஊரு ஆம்பளைங்களுக்கு துக்கத்த வைக்க எடம் கெடையாது, மகன்கிட்ட சொல்ல கூச்சம், மருமககிட்ட சொல்ல கூடாது, அழுதா கௌரவம் போயிடும். அவர் ஜூலிகிட்ட கரண்ட் பில் சொல்றது அத்தைகிட்ட சொல்ல முடியாததுனாலதான். அதனால "நாய் அழுக்கு"ன்னு யாராவது சொன்னா அது அவர் காதுல வேற மாதிரி விழும், அவ எடுத்துட்டு வந்தத அழுக்குங்கறாங்கன்னு. அந்த வார்த்தையே வீட்ல வேண்டாம்.

இத பேச வேண்டியது நீங்க இல்ல, உங்க வீட்டுக்காரர். அவருக்கு இந்த கடிதத்த அப்படியே படிக்க குடுங்க. தம்பி, நீங்க "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்னு சொன்னப்ப அப்பாவ காப்பாத்தறதா நெனைச்சீங்க, ஆனா நீங்க பேசாத ஒவ்வொரு நாளும் உங்க மனைவி இந்த வீட்ல நாய தொரத்த வந்தவன்னு பேர் வாங்கறாங்க, உங்க அக்கா வாய்லயே. மகன் சொன்னா அப்பாவுக்கு அது வீட்டு பேச்சு, மருமக சொன்னா அது குத்தம் சொல்றது, நம்ம வீடுகள்ல இது இப்படித்தான் இருக்கு, இத மாத்தற வரைக்கும் இந்த பேச்சு உங்க வேலை. பேசறப்ப கைய கழுவுங்கன்னு ஆரம்பிக்காதீங்க. "அப்பா, ஜூலி பையன பாத்து உறுமினது அதுக்கு பயம் வந்ததாலதான், அத நாமதான் காப்பாத்தணும். ஒரு தடவ தெரியாம கடிச்சுடுச்சுன்னா அப்புறம் யாரும் அத இங்க விட்டு வைக்க மாட்டாங்க. அம்மா வளத்தது, நாளைக்கே உங்களோட ஆஸ்பத்திரிக்கு வர்றேன், ஊசி போட்டுட்டு வந்துடலாம்"னு சொல்லுங்க. அதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. ஜூலியோட முழு பொறுப்பும் மாமாவுக்குன்னு குடுத்துடுங்க, அட்டை அவர்கிட்ட, பூச்சி மருந்து தேதி அவர் காலண்டர்ல, தட்டு வைக்கறது எடுக்கறது அவரு, கழிவு அள்ளறது அவரு, உண்ணி பாக்கறது அவரு. ஜூலி வேலை முடிச்சா கொழாய்ல சோப்பு போட்டு கை கழுவிட்டுதான் பேரன தொடறதுங்கறது அந்த வேலையோட கடைசி பகுதியா அதுக்குள்ளயே வந்துடும், தனியா சொல்ல வேண்டியதில்ல. துண்டுக்கு ஒரு சுலபமான வழி, ஜூலிக்குன்னு ஒரு பழைய காவி துண்ட கொழாய்க்கிட்ட ஆணில மாட்டிடுங்க, பையனுக்கு வெள்ளை துணி. மறந்துட்டு தோள் துண்டால தொடைக்க வந்தா நீங்க வெள்ளை துணிய கைல குடுத்தா போதும், பேச்சே வேண்டாம்.

இதுல ஒண்ணு முக்கியம், எல்லாரும் ஒரே மாதிரி நடக்கணும். நீங்க உள்ள விடாம இருந்து, மாமா விட்டு, நாத்தனார் வந்தப்ப மடில உக்கார வச்சு கொஞ்சினா ஜூலிக்கு ஒண்ணுமே புரியாது. ஒரே மாதிரி இருந்தா நாய் சீக்கிரம் கத்துக்கும், நம்ம பெரியவங்களுக்குதான் நாளாகும். தடுப்பு போட்டு ஜூலிய வெளிலயே தள்ளி வச்சுடவும் கூடாது, பையன் தூங்குற நேரத்துல அது உள்ள வரட்டும், நீங்களும் முன்ன மாதிரி ரெண்டு வார்த்தை பேசுங்க. குழந்தை வந்ததால தனக்கு எல்லாம் போச்சுன்னு அதுக்கும் தோணக்கூடாது.

பைபாஸ் பேச்ச யாராவது திரும்ப எடுத்தா, வளத்த நாய அப்படி கொண்டு போய் பட்டினி கெடக்க விடறது 1960 மிருக வதை தடுப்பு சட்டப்படி குத்தம்னு சொல்லுங்க. இவ்ளோ செஞ்சும் ஜூலி பையன பாத்தாலே வெறைச்சு நின்னா, காத்துல கடிக்கற மாதிரி பாய்ஞ்சா, அல்லது வீட்ல யாரும் கோட்ட மதிக்கலன்னா, அப்ப எடம் மாத்தறது சரிதான், அதுல குத்த உணர்ச்சி வேண்டாம். நாத்தனாருக்கு அம்மா வளத்த நாய் மேல அவ்ளோ பாசம் இருக்குல்ல, பையன் கொஞ்சம் வளர்ற வரைக்கும் அவங்க வீட்ல வச்சுக்க கேளுங்க, மாமா தெனம் போய் பாத்துட்டு வரலாம்.

கடைசியா உங்களுக்கு. பிரசவத்துக்கு அப்புறம் ஒரு வருஷம் வரைக்கும் சோகம் மட்டும் இல்ல, பதட்டமும் வரும், அத நம்ம ஊர்ல யாரும் சொல்றதில்ல. குழந்தைக்கு ஏதோ ஆயிட்ட மாதிரி கண்ணு முன்னாடி படம் வர்றது புது அம்மாக்கள்ல ரொம்ப பேருக்கு வரும், வெளில சொன்னா பைத்தியம்னுடுவாங்கன்னு மறைச்சுடுவாங்க. படம் வர்றதால அது நடக்கப்போகுதுன்னும் அர்த்தம் இல்ல, நீங்க கெட்ட அம்மான்னும் அர்த்தம் இல்ல. ஆனா குழந்தை தூங்கியும் நீங்க தூங்காம இருக்கறது, கை வெடிக்கற அளவு கழுவறது, தாழ்ப்பாள திரும்ப திரும்ப பாக்கறது, இந்த மூணும் சேர்ந்து இருக்கறதால நீங்க ஒரு மனநல டாக்டர பாக்கணும். நாய் போயிட்டா இது தானா போயிடும்னு நெனைக்காதீங்க, பயம் வேற ஒண்ண புடிச்சுக்கும். கூடவே தைராய்டும் ரத்த அளவும் பாத்துடுங்க, பிரசவத்துக்கு அப்புறம் தைராய்டு மாறினாலும் படபடப்பு வரும். தாய்ப்பால் குடுக்கறப்பவே எடுத்துக்கற மருந்து இருக்கு, பால் நிறுத்த வேண்டியிருக்குமோன்னு பயந்து தள்ளிப் போடாதீங்க. உடனே யார்கிட்டயாவது பேசணும்னா 14416, டெலி மானஸ், அரசு இலவச நம்பர், ராத்திரி எத்தன மணிக்கும் தமிழ்ல பேசலாம். கைக்கு ராத்திரி தேங்காண்ணெய் தடவிட்டு படுங்க, தாழ்ப்பாள பாக்கற வேலைய வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடுங்க, அவர் ஒரு தடவ பாத்துட்டு "போட்டாச்சு"ன்னு சொன்னா அன்னைக்கு நீங்க எந்திரிச்சு பாக்கக்கூடாது. மொத ரெண்டு மூணு நாள் கஷ்டமா இருக்கும், பல்ல கடிச்சுட்டு படுத்துடுங்க.

மாமா ஜூலிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனதும், டாக்டர் என்ன சொன்னாருன்னும் நீங்க எப்படி தூங்கறீங்கன்னும் எழுதுங்க.